நான்காம் நாள் சாகாத குஞ்சுகள்

நான்காம் நாள் காலையில் செத்த குஞ்சுகளை அரித்தெடுக்கத்தான் கண்மணி வலைக்கரண்டியுடன் ஆறாம் தொட்டிக்கு வந்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

நடக்கக் கூடாத காரியம் அது. ஜாலான் புசார் சாலைக்குப் பின்னாலிருந்த சந்தில், கீழே இரும்புச் சாமான் கிடங்கும் மேலே கண்ணாடித் தொட்டிகளுமாக இருந்த அந்தக் கடைவீட்டில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சீனாவிலிருந்து கப்பலில் வரும் கெண்டைக் குஞ்சுகளை இங்கேயே பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டுவேன் என்று முதலாளி தங்கராஜு ஐயா பிடிவாதமாக இருந்தார். முட்டைகள் நன்றாகத்தான் பொரிந்தன. ஆனால் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பை வற்றியதும் குஞ்சு செத்துவிடும். "தாய் முட்டைக்குள்ள வெச்சுக் குடுத்த வளர்ச்சிச் சாறு தீந்துடுது, இதுங்களுக்குச் சொந்தமா இன்னும் ஊறல" என்பார் ஐயா. அதற்காகவே தேக்கா சந்தையிலிருந்து சாகுல் ஹமீது கூடை கூடையாக மீன்தலை கொண்டுவருவார். மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் சுரப்பியை ஐயா கிள்ளியெடுத்து, மருந்தில் ஊறவைத்து, அரைத்துத் தண்ணீரில் சொட்டுவிடுவார். அப்படியும் நான்காம் நாள் எல்லாம் வெள்ளையாக மிதக்கும்.

இந்த முறை மிதக்கவில்லை. சோற்றுப் பருக்கைபோல் தடித்து, அவள் நின்ற பக்கத்துக் கண்ணாடியில் வந்து குவிந்திருந்தன.

மூன்று வார விடுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். அவளுடைய ஆண்குழந்தை பிறந்து மூன்றே நாள்தான் உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரியில் பேசியதும், காகிதங்களைப் பார்த்ததும், எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டியதும் ஐயாதான்.

பத்து மணிக்குச் சாகுல் ஹமீது மாடியேறி வந்தார்.

"உடம்பு தேவலையா கண்மணி?"

"இருக்கேன் பாய். கூடை காலியா இருக்கே, தலை கொண்டு வரலையா?"

"ஐயா வேணாம்னுட்டார்லா, மூணு வாரமாச்சு. வேற நல்ல சரக்கு கிடைக்குதாம். பழைய கூடைய எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவள் காதில் நின்றது.

எட்டாம் நாள் குஞ்சுகள் விரல் நீளம் வந்துவிட்டன. காற்றுக்குழாயின் கொப்புளச் சத்தமும், கீழே இரும்புத் தகடு உரசும் சத்தமும், அழுகிய பலாப்பழம்போல் இனிப்பாக மூக்கைக் குத்தும் அந்த மருந்தின் நெடியும் நிறைந்த அறையில் அவள் எங்கே நகர்ந்தாலும், முந்நூறு தலைகளும் அவளோடு சேர்ந்து திரும்பின. ஐயா போனால் திரும்பவில்லை. பத்தாம் நாள் தரையைத் துடைத்தபடி தன்னையறியாமல் ஏதோ தாலாட்டை முணுமுணுத்தாள். தண்ணீர் அசங்கும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் அடியில் போய்ப் படுத்து, கண்ணை மூடியிருந்தன.

வாழ்நாள் முழுக்க மீன் அரிந்தவள் அவள். மீனுக்கு இமை கிடையாது.

சாயங்காலம், துறைமுக வேலை முடிந்து வந்த கணவன் மருதப்பனிடம் சொன்னாள்.

"மீனு கண்ண மூடுதுங்க."

அவன் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கை தட்டிலேயே நின்றது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல கண்மணி. குழியில இறக்குறப்ப பிள்ள தலையில கட்டுப் போட்டிருந்துச்சு. நெஞ்சுலதானே கோளாறுன்னாங்க, தலையில எதுக்குக் கட்டுன்னு கேட்டேன். அதெல்லாம் கேக்காதன்னாரு ஐயா."

மறுநாள் மத்தியானம் சுமத்ராப் பக்கமிருந்து புயல்மழை வந்தது. ஒரு நொடியில் அறை இருண்டது. கூரை ஓட்டில் மழை அறைய, அவள் ஐயாவின் மர அலமாரியைத் திறந்தாள். நெடி முகத்தில் மோதியது. சின்னச் சின்னப் புட்டிகள், பதினொன்று. முன்னால் இருந்தவற்றின் அடியில் கடுகளவு வெள்ளையாக ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டிய ஒரு தாள்.

இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையை மூன்று நாளும் பார்த்துக்கொண்டே இருந்தவள். 'அம்மாவின் பெயர்தான் போடுவோம்' என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கடைசிப் புட்டியில் அதே எழுத்துகள்.

அந்தப் புட்டி காலி.

"கீழ வை. உடைஞ்சிடும்."

ஐயா பின்னால் நின்றார். குரலில் கோபமில்லை.

"மண்ணுல போட்டா யாருக்குப் பிரயோசனம், சொல்லு? ஆஸ்பத்திரியில செத்த பெரிய ஆளுங்களோடத போட்டுப் பாத்தேன், வேகமில்ல. பொறந்து மூணு நாளானதுல இருக்கிற வேகமே வேற. நீயே பாக்குறியே."

ஐயா புட்டியை வாங்கி வைத்துவிட்டு அவளைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.

"காலைலேருந்து தீனி எடுக்க மாட்டேங்குது. புழு, முட்டைக்கரு, எதப் போட்டாலும் துப்புது. நீ கொஞ்சம் கைய விடு."

மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். தண்ணீர் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. வந்தன. விரல் விரலாகக் கவ்வின. பல் இல்லை. ஈறு. நாக்கு. மெதுவாக இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தன. அந்த இழுப்பை அவள் உடம்பு அறிந்திருந்தது. பால் வற்றிப்போயிற்று என்று நினைத்திருந்த இடத்தில் சுருக்கென்று வலித்தது.

"நல்லது" என்றார் ஐயா. மேசையிலிருந்த பீங்கான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல பீய்ச்சிக் குடு. தினம் மூணு வேளை."

கையை உதறிப் பிடுங்கினாள். சுவரில் போய் முட்டினாள். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

மழை நின்றிருந்தது.

தொட்டியில் தலைகள் எழும்பின. ஒன்று. பத்து. முந்நூறு. தண்ணீருக்கு மேலே வாய்கள் திறந்தன. உள்ளே சிவப்பு.

அழத் தொடங்கின. எல்லாம் ஒரே குரலில், மூன்று நாள் மட்டும் அவள் கேட்ட குரலில்.

ஐயா கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துகொண்டிருந்தது.