இடையில் இரண்டு நிமிடம்

கணவர் மெஷினிலிருந்து இறங்கி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவித்த முட்டையை உரிக்கத் தொடங்கிய பிறகும் பின்னறையில் தண்ணீர் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கவனித்தாள். படகு வலிப்பதுபோல் இழுத்துப் பயிற்சி செய்கிற அந்த ரோயிங் மெஷினின் முன்பக்கம் வட்டமான ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. கைப்பிடியை இழுத்தால் தொட்டிக்குள் துடுப்புகள் சுழன்று தண்ணீரைத் தள்ளும், விட்டுவிட்டால் தண்ணீர் தானாகச் சுற்றித் தளர்ந்து பத்து விநாடியில் அடங்கிவிடும். பத்து விநாடி என்பது அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்டவை அவளுக்குத் தெரியாமல் இருக்காது. பதினான்கு வருடமாகக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. ஆட்களைச் சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கேட்டும் கேட்காததுமான ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்கிறவள். வீட்டுக்கு வந்த பிறகும் காது மூடிக்கொள்ளாது.

இது அடங்குகிற தண்ணீர் இல்லை. அடங்குகிற தண்ணீர் தேய்ந்துகொண்டே போகும். இதுவோ எழுந்தது, தணிந்தது, மூச்சு விடும் அளவுக்குக் காத்திருந்தது, மறுபடி எழுந்தது. நிமிடத்துக்குப் பதினெட்டு இழுப்பு. அது கணவருடைய வேகம்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

அவர் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி உரித்த ஓட்டின் மேல் கட்டைவிரல் அசையாமல் இருந்தது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம். பிறகு பின்னறையில் சத்தம் நின்றது. நின்ற அதே கணத்தில் அவர் நீளமாக மூச்சை இழுத்து, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தவர்போல் சுற்றிப் பார்த்து, "டாக்டரம்மா, உப்பு எங்க வச்சிருக்க?" என்று சிரித்தார்.

அவள் டாக்டர் இல்லை. அது அவருடைய பழைய கேலி. உப்பை நகர்த்தி வைத்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன் ஒரு கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில், லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை செய்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். அதன் பிறகு மூச்சின் முடிவில் மெல்லிய விசில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. உடம்பு தேற இந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவர் அவருடைய அக்கா. எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் மருத்துவமனையின் பிசியோதெரபி பெண். ஐந்நூறு மீட்டர் இழுக்க வேண்டும். இரண்டு நிமிடம் சும்மா உட்கார வேண்டும். மறுபடி ஐந்நூறு. இப்படி நான்கு முறை. சேர்த்து இழுக்கக் கூடாது.

"நடுவுல இருக்கிற ரெண்டு நிமிஷத்தைத் திருடிடாதீங்க சார். அப்பதான் இதயம் வீட்டுக்குத் திரும்பி வரும்," என்றாளாம்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தார். பிறகு அலுத்துவிட்டது. ஐந்நூறு மீட்டரில் என்ன இருக்கிறது, லிஃப்ட் இரண்டாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து மூடிவிட்டுக் கீழே வருகிற மாதிரி என்றார். ஓய்வை விட்டுவிட்டு இரண்டாயிரத்தையும் ஒரே மூச்சில் இழுத்தார். அதுதான் முட்டை உரித்த காலை. அடுத்த வாரம் ஐயாயிரம். அவள் சண்டை போட்டாள். பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தாள். ரிப்போர்ட் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

"நீ ஒரு தடவை நீளமா போய்ப் பாரு," என்றார் கணவர். "கொஞ்ச தூரம் போறப்ப மூச்சு வாங்கும், தொடை எரியும், உடம்பு இருக்குன்னு நல்லா தெரியும். தூரம் போகப் போக அதெல்லாம் விட்டுப் போயிடுது. கை தானா இழுக்குது. யார் இழுக்கிறான்னே தெரியலை."

ஐயாயிரம் இழுத்த நாட்களில், அவர் இறங்கிய பிறகும் சத்தம் கால் மணி நேரம் நீடித்தது. ஏழாயிரம் இழுத்த நாளில் காலை முழுவதும். அந்த நேரமெல்லாம் அவர் குளித்தார், சட்டைக்குப் பொத்தான் போட்டார், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்றார். ஆனால் எல்லாமே அரை விநாடி தாமதமாக. சத்தம் நின்றதும்தான் கண்ணில் ஆள் வந்தது.

அவள் அப்போதே ஏதாவது செய்திருக்கலாம். பின்னாளில் தன்னை அவள் கேட்டுக்கொண்டது இதைத்தான். அவர் ஓயாமல் பேசுகிறவர். வேலை முடிந்து வருகிறவளிடம் எந்தக் கட்டிடத்தில் எந்தக் கிழவர் லிஃப்டுக்குள் செருப்பை விட்டுவிட்டுப் போனார் என்பதுவரை சொல்லி முடிக்காமல் சோறு இறங்காது. நாள் முழுவதும் சின்னச் சின்ன ஒலிகளுக்காகக் காதைத் தீட்டிவைத்திருந்துவிட்டு வருகிறவளுக்கு அது சகிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். இப்போது அவர் சும்மா இருந்தார். பின்னறையில் தண்ணீர் அசைய, மேசையில் அவர் பேசாமல் சாப்பிட, அவள் அந்த அமைதியில் நிம்மதியாகத் தேநீர் குடித்த காலைகள் உண்டு. அதை யாரிடமும் அவளால் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை அவர் பத்தாயிரம் இழுத்தார்.

அன்று சத்தம் நிற்கவில்லை. மதியம் நிற்கவில்லை. மாலை அவள் அவரைத் தன் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். கடைசி ஆள் போன பிறகு, சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். கதவை மூடிவிட்டு வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் எந்த ஒலியையும் அனுப்பவில்லை.

மேசையில் விளக்கு எரிந்தது. அவர் பொத்தானை அழுத்தியிருந்தார்.

அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. பதினெட்டு.

அவள் ஒலியை அனுப்பினாள். கூட்டினாள். காதைப் பொத்திக்கொண்டு அலற வேண்டிய அளவுக்குக் கூட்டினாள். அவர் இமைக்கவில்லை. விளக்கு அதே சீரில் எரிந்து அணைந்தது.

வீட்டுக்கு வரும்போது நிலையத்தின் ஒலி அளக்கும் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னறையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வைத்தாள். உள்ளே தண்ணீர் அசையாமல், கண்ணாடிபோல் கிடந்தது. கருவி முப்பத்தெட்டு டெசிபெல் காட்டியது. விடிந்ததும் பார்த்தாள், முப்பத்தொன்று. வெள்ளி மாலை இருபத்திரண்டு.

தூரம் கூடக்கூடச் சத்தம் குறையும். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எங்கோ அவர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியத்துக்குள் யார் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார். அதன் பிறகு மேசையில் உட்கார்ந்திருக்கிற உடம்புதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை கணவரின் அக்கா வந்தார். தம்பியின் கன்னத்தைத் தட்டினார். தலை சீவியிருக்கிறான், தட்டைக் கழுவி வைக்கிறான் என்று மெச்சினார்.

"அண்ணி, இவர் இவரா இல்லை," என்றாள் அவள், தாழ்ந்த குரலில்.

"அதான் நல்லது. நாப்பத்தாறு வருஷம் இவன் இவனா இருந்ததை நாங்க பாத்தாச்சு," என்றார் அண்ணி. "வாய மூடிட்டு உக்காந்திருக்கான்னு கவலைப்படுற முதல் பொண்டாட்டி நீதான்."

மேசையில் அவர் சிரித்தார். அரை விநாடி கழித்து.

அவள் பின்னறைக்குப் போனாள். கருவி பதினைந்து காட்டியது. ஜன்னல் வழியாகக் காலை வெயில் தரையில் விழுந்திருந்தது. இஸ்திரி மேசை, மழைக்கோட்டு, பழைய பெட்டிகள், ரப்பர் வாசனை, அதற்கு அடியில் பாசி பிடித்த கல்லின் வாசனை. இருக்கையில் உட்கார்ந்தாள். கால்களை வாரில் மாட்டினாள். மெஷினில் உட்கார்ந்தால் எதிரே திறந்த கதவு, கூடம், அதற்கப்பால் சமையலறை மேசை எல்லாம் நேர்கோட்டில் தெரியும். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்கிறார்கள். விட்டுவிட்டு வருவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்நூறு மீட்டர் இழுத்தாள். முழு வேகத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு. தொடை எரிந்தது. நுரையீரல் எரிந்தது. முதுகுக்குப் பின்னால், சுவரே இல்லாததுபோல் வெகு தொலைவில், அவருடைய இழுப்பு மெல்ல வலுத்தது. தன் இழுப்பின் சத்தத்தை ஒதுக்கிவிட்டு அவள் காதே அதை அளந்தது, பதினாறு, பதினெட்டு, இருபது. ஐந்நூறு முடிந்ததும் அவளால் முடியவில்லை. பிசியோ பெண் சொன்ன இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். மூச்சு வந்தது. வெயில் சுட்டது. இருக்கையின் அழுத்தம், உள்ளங்கையின் வலி, சமையலறையில் கரண்டிச் சத்தம் எல்லாம் திரும்பி வந்தன. கருவி பதினான்குக்கு இறங்கியிருந்தது.

மறுபடி ஐந்நூறு. பத்தொன்பது. மறுபடி ஓய்வு. பன்னிரண்டு.

அவளுக்குப் புரிந்தது. ஓய்வு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அவள் வீட்டுக்கு வந்துபோகிற நேரத்தில் அவர் இன்னும் தூரம் போய்விடுகிறார். நின்று நின்று போனால் எத்தனை முறை போனாலும் அவரைப் பிடிக்க முடியாது.

கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை கைப்பிடியை எடுத்தாள். ஐந்நூறு வந்தது. நிற்கவில்லை.

ஆயிரத்தில் அழுகை வந்தது. இரண்டாயிரத்தில் தொடை எரிவது நின்றது. மூவாயிரத்தில் மூச்சு வாங்குவது நின்றது. அவர் சொன்னது உண்மைதான். விட்டுப் போயிற்று. கை தானாக இழுத்தது. முதுகுக்குப் பின்னால் அவருடைய இழுப்பு வளர்ந்தது, கரையில் நின்று கேட்பது போல, பிறகு தண்ணீரில் இருந்தே கேட்பது போல. அவளுடைய இழுப்பும் அவருடையதும் மாறி மாறி விழுந்தன. பிறகு நெருங்கின. பிறகு ஒன்றாக விழுந்தன.

கதவு சிறுத்திருந்தது.

முதலில் அதைக் கண்ணீர் என்று நினைத்தாள். இல்லை. ஜன்னலும் வெயிலும் இஸ்திரி மேசையும் தள்ளிப் போயிருந்தன. கதவு ஒரு புத்தகத்தின் அளவு. பிறகு தீப்பெட்டியின் அளவு. அதற்குள் சமையலறை, மேசை, இரண்டு பேர், எல்லாம் துல்லியமாக, சின்னதாக.

சுற்றிலும் குளிர். நனைந்த கல்லின் வாசனை. கரை இல்லை.

பக்கத்தில் மூச்சு. அதன் முடிவில் மெல்லிய விசில்.

"ஏங்க," என்றாள். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. "போதுங்க. வாங்க, திரும்பிடலாம்."

அவர் உடனே பதில் சொன்னார். அரை விநாடிகூடத் தாமதம் இல்லை.

"நீ எதுக்கு வந்த?" என்றார். அப்படி ஒரு துக்கத்தை அவர் குரலில் அவள் கேட்டதில்லை. "இது பின்பக்கம் மட்டும்தான் போகுதும்மா. நானும் நிறுத்திப் பாத்துட்டேன்."

அவள் கைப்பிடியை விட நினைத்தாள். விரல்கள் விரியவில்லை. இழுத்தன.

தீப்பெட்டி அளவுக் கதவுக்கு முன்னால் ஒரு பெண், மெஷினிலிருந்து எழுந்தாள்.

அவளுடைய பாவாடை. அவளுடைய பின்னல். கால்களை வாரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி ஏதோ கேட்டார். அந்தப் பெண் தலையசைத்தாள். கொஞ்சம் தாமதமாக. கணவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி இருவர் தட்டிலும் பரிமாறினார்.

அவள் கத்தினாள். அண்ணியின் பெயரை உரக்கச் சொல்லிக் கத்தினாள். தண்ணீர் அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டது.

அண்ணி நிமிர்ந்தார். காதைச் சாய்த்தார். பின்னறைப் பக்கம் கைகாட்டி எதையோ சொன்னார். குளிர்க்காற்று வருகிறது என்றிருக்கலாம்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். வாசலில் நின்றாள். நேராக இங்கே பார்த்தாள், இவ்வளவு தூரத்தையும் தாண்டி, காலி அறையைப் பார்ப்பதுபோல. அவளுடைய முகம். அதில் ஒரு நிம்மதி.

கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள்.

வெளிச்சம் கோடானது.

இழை.

கருப்புத் தண்ணீரில் இருவரும் இழுத்தார்கள்.