ரோதமுனிக்குப் பங்கு இல்லை

தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றையறைக் காம்பராவுக்குள் ஓர் இனிப்பு வாசம். வீட்டில் சீனி தீர்ந்திருந்தது, பழம் வாங்கிய ஞாபகமே இல்லை. ஆனாலும் அழுகிய பலாச்சுளையை எங்கோ ஒளித்துவைத்தது போன்ற அந்த வாசம், அடுப்புப் புகையையும் காயாத கம்பளியின் வாடையையும் கதவிடுக்கில் நுழைந்த பனியின் மண்மணத்தையும் தள்ளிக்கொண்டு நின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிய ராக்காயி அதைத் தொடர்ந்து போனாள். அது தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் கந்தப்பனின் வாயிலிருந்து வந்தது.

தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரை ஓட்டுகிறவன் பட்டப்பகலில் தூங்கினான். எழுப்பித் தேநீர் நீட்டினால், வாங்க நீட்டிய அவன் கைகள் மணிக்கட்டில் தொங்கித் தொங்கி எழுந்தன, கோழி சிறகடிப்பதுபோல. அவள் பெயர்கூட அவனுக்கு மறந்திருந்தது. ஃபெக்டரிச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி பிடித்துவிட்டது என்று லயமே சொன்னது. கசிப்புச் சாராயத்தைத் தொட்டும் பார்க்காதவனுக்கு வேறென்ன வரும்? ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனிக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு, உடப்புசல்லாவையில் பஸ் ஏறி அவனை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே ஜெயதீபன் என்ற யாழ்ப்பாணத்து இளம் டொக்டர் விளக்கினார். "குடலுக்க இருக்கிற கிருமியள் நஞ்சு செய்யும், அம்மா. நல்ல ஈரல் அதை வடிச்சுப்போடும். இவருக்குப் பழைய மஞ்சள் காமாலை ஈரலைப் பழுதாக்கிப்போட்டுது. இப்ப நஞ்சு நேரா மூளைக்குப் போகுது." மலம் தங்கி வயிறு கட்டவே கூடாது, தான் சொல்லும்வரை இறைச்சியும் கூடாது என்று சொல்லி, வயிற்றை இளக்கும் பாணி மருந்து ஒரு சீசா கொடுத்தார்.

மருந்து உள்ளே போகப் போக வாசம் வடிந்தது. ஒரு காலையில் கந்தப்பன் தெளிந்த கண்ணோடு எழுந்து உட்கார்ந்தான். "தப்பு மோளம் அடிச்சிட்டாங்களே, வேலைக்குப் பேர் குடுக்க இன்னும் பெரட்டுக்குப் போகலையா ராக்காயி?" தன் பெயரைக் கேட்டு அவள் வாசலில் நின்று அழுதாள். பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எம் புருஷன் மூளையில எந்த முனிக்கும் பங்கு இல்ல."

மருந்து தீர்ந்த வாரத்தில் ரோதமுனித் திருவிழா வந்தது. நாத்தனார் மீனம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனாள் ராக்காயி. வழியில் மண் சரிந்து பஸ் நின்றுபோக, மறுநாள் அந்தியில்தான் திரும்ப முடிந்தது.

பனி பாதையை விழுங்கியிருந்தது. ஃபெக்டரிப் பக்கம் தப்புச் சத்தம். சேலைக்குள் சீசாவை அணைத்துக்கொண்டு நடந்தாள். லயத்து முனை. பீலியில் கொட்டும் தண்ணீர்.

அந்த வாசம்.

கதவு திறந்தே கிடந்தது. மீனம்மா சட்டியை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவு.

"ஈரல் கெட்டுப்போச்சுன்னாங்கல்ல அண்ணி. எறச்சிதான கூடாது, ஈரலுக்கு ஈரல்தான மருந்து. முனிக்கு வெட்டுன கடாவோட ஈரல் பூராவையும் கேட்டு வாங்கி வறுத்தேன். நேத்துல இருந்து அண்ணே அள்ளி அள்ளித் திங்கிறாரு."

ராக்காயிக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. அந்த முகத்தில் இருந்தது பாசம். கை எழவில்லை.

கந்தப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மஞ்சள் கண்கள். நீட்டிய கைகள். தொங்கின. எழுந்தன.

"ஏங்க. நான் ராக்காயி."

அவன் சிரித்தான். பல்லெல்லாம் வறுத்த ஈரலின் கறுப்பு.

"எந்த ராக்காயி?"

மீனம்மா பூசாரியைக் கூப்பிட ஓடினாள். ராக்காயி கதவைச் சாத்தித் தாழிட்டாள். சீசாவைத் திறந்தாள். கரண்டியில் ஊற்றினாள்.

"கிருமியோ முனியோ, யாரா இருந்தாலும் கேட்டுக்க. இந்த ஆள நான் விட மாட்டேன்."

தாடையைப் பிடித்துக் கரண்டியை உள்ளே திணித்தாள். பற்கள் மூடிக்கொண்டன. அவன் வயிற்றுக்குள் ஏதோ நீளமாய் உருண்டது. வெளியே தப்புச் சத்தம் லயத்துக்குள் நுழைந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் திரும்பவில்லை. அடுத்த கரண்டி. பாணி அவன் தாடையில் வழிந்தது. அவன் கண் இமைக்காமல் அவளையே பார்த்தபடி அலுமினியக் கரண்டியை மென்றான், மெதுவாக, ருசித்து. அவன் கைகள் இரண்டும் அவள் தோள்மீது விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, சிறகடித்துக்கொண்டே இருந்தன.