மன அகவை ஒன்பது

அகவைப்பட்டையை நெற்றியிலிருந்து கழற்றுவதற்குள் சுவர்த்திரையில் எண் வந்துவிட்டது. ஒன்பது. வரிசையில் காத்திருந்தவர்களில் யாரோ "அடங்கொப்பா!" என்றார். கூடமே சிரித்தது.

தேவசேனாபதிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு போகும் தொங்கூர்திக்கு அவன்தான் தலைமை இயக்குநன். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அவனை நம்பிப் பள்ளத்தாக்கின் மேல் பறந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட ஏற்பட்டதில்லை. பட்டை அதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டைக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: நீ எதைப் பார்த்து மகிழ்கிறாய்? முன்பிருந்த கருவிகள் கணக்குக் கொடுத்தன, கேள்வி கேட்டன, கெட்டிக்காரர்கள் ஏமாற்றினார்கள். புதிய பட்டையோ கண்முன் படங்களை ஓடவிட்டு மூளையில் எழும் மகிழ்ச்சி அலையை அளந்தது. மகிழ்ச்சியை நடிக்கவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது என்பதால் அரசாங்கத்துக்கு அதன்மேல் அப்படியொரு காதல். நிலத்தின் விலை ஏறிய செய்திக்கு மகிழ்ந்தால் மன அகவை ஐம்பது. வேண்டாதவன் பதவி பறிபோன செய்திக்கு மகிழ்ந்தால் அறுபது. பதினான்குக்குக் கீழே போய்விட்டால் மனச்சிறார். மனச்சிறாருக்கு வேலை கிடையாது, ஓட்டுக் கிடையாது, பிள்ளை வளர்க்கும் உரிமை கிடையாது. ஒரு காப்பாளர் மட்டும் உண்டு.

தேவசேனாபதியைக் கவிழ்த்தது ஒரு நீலத் தவளை. பெயர் மொச்சை. தண்ணீரைக் கண்டால் நடுங்கும் தவளை. ஒவ்வொரு நாளும் குளத்தில் இறங்காமல் தப்பிக்கப் புதுப்புதுச் சாக்குச் சொல்லும். மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்த கார்ட்டூன். அதைத் தேவசேனாபதி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, காபியோடு உட்கார்ந்து பார்ப்பான். வயிறு குலுங்கச் சிரிப்பான். இத்தனைக்கும் அவன் மகள் நறுமுகைக்கு அதில் துளியும் ஆர்வமில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது, கைப்பந்து ஆட்டத்தில் பைத்தியம். "பாப்பாக் கதையப்பா இது," என்று எழுந்து போய்விடுவாள்.

ஊரோ அவனுக்கு விதவிதமான காரணம் கண்டுபிடித்தது. பெண்டாட்டி செத்த துக்கம் என்றது. சின்ன வயதில் பாசம் கிடைக்காதவன் என்றது. பொறுப்பிலிருந்து ஓடுகிறவன், காய்கறி தின்னமாட்டான், தனியாக வங்கிக்குப் போகத் தெரியாது என்றது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒரே பதிலைச் சொன்னான்: "நல்லா இருக்குதுங்க. அதனால பாக்கறேன்." அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

சோதனைப் படங்களில் மொச்சை தானாக வந்து சேரவில்லை. யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று தீர்மானிப்பவர் மாவட்ட மன அகவை ஆணையர் கிருபாகரன். இறந்துபோன மனைவியின் அண்ணன். தேவசேனாபதிக்கு மச்சான். தங்கை வீட்டுக்கு வந்த ஒரு நாள், மாப்பிள்ளை தவளையைப் பார்த்துச் சிரித்ததைக் கண்டு முகம் சுளித்தவர், அதை மறக்காமல் வைத்திருந்து, உரிமம் புதுப்பிக்க வந்தவனின் கண்முன் ஓடவிட்டார்.

விசாரணையில் கிருபாகரன் எழுந்து பேசியதைத் தேவசேனாபதி சாகும்வரை மறக்கமாட்டான்.

"ஏனுங்க, ஒரு குழந்தை இன்னொரு குழந்தைய வளக்க முடியுமுங்களா? அதுவும்போக, குழந்தைங்க பாக்கற படத்த ஒரு ஆம்பளை உக்காந்து ரசிக்கறான்னா, அந்த மனசுல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நறுமுகைய இவங்கூடத் தனியா விடறது நல்லதில்லீங்க."

நறுமுகை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பெற்ற மகளுக்கு எதிரில் பூசிய அந்தச் சேறு தேவசேனாபதியின் நெஞ்சில் அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே அவளை ஊட்டியில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மாதம் ஒருமுறை, கிருபாகரன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளலாம்.

காப்பாளராகவும் கிருபாகரனே வந்தார். தன் வீட்டு மாடியறையைக் காட்டினார். நேற்றுவரை "வாங்க மாப்ள" என்றவர், "இங்கதான் இருக்கோணும் கண்ணு. வெளிய போகோணும்னா மாமங்கிட்டச் சொல்லிட்டுப் போகோணும், செரியா?" என்றார்.

"செரிங் மச்சான்," என்றான் தேவசேனாபதி. உள்ளுக்குள் கறுவிக்கொண்டான். என்னைக் குழந்தை என்றாயல்லவா? இரு, குழந்தை என்றால் என்னவென்று காட்டுகிறேன்.

அவன் பட்டையைத் திருடவில்லை, அதில் கை வைக்கவும் இல்லை. சட்டத்தைப் படித்தான், அவ்வளவுதான். மனச்சிறாரைச் சொந்தக்காரர்கள் ஒழுங்காக அடக்கி வைக்க வேண்டுமென்று கிருபாகரனே ஆசைப்பட்டுச் சேர்க்கச் சொன்ன பிரிவு அதில் இருந்தது: மனச்சிறார் செய்யும் குற்றம் காப்பாளர் செய்த குற்றமாகவே கொள்ளப்படும்.

முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மூட்டை நீலச்சாயத்தைக் கொட்டினான். கிருபாகரன் போய்க் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம் ஆணையரின் அரசாங்கக் கார் கதவில் ஆளுயரத் தவளை ஒன்று முளைத்தது. அது அழியாத வண்ணம். தெருமுனையில் கார் திரும்பும்போதே பள்ளிப் பிள்ளைகள் "மொச்சை மாமா" என்று கத்தினார்கள்.

"ஏண்டா இப்படிப் பண்றே?" என்று கிருபாகரன் பல்லைக் கடித்தார்.

"வெளையாட்டுங் மச்சான்."

கையை ஓங்கினார், இறக்கிவிட்டார். மனச்சிறாரை அடித்தால் அதற்கும் அதே சட்டத்தில் தண்டனை இருந்தது.

பெரிய வேலைக்கு வாய்ப்பு அமைச்சரின் வருகையோடு வந்தது. தொங்கூர்திக்குப் புதிதாக வாங்கிய பெட்டிகளைப் பார்வையிட அமைச்சர் வந்தார். கூடவே கிருபாகரனும் ஏற வேண்டியிருந்தது. மனச்சிறாரை வீட்டில் தனியாக விடக்கூடாது என்பதால் தேவசேனாபதியையும் கூட்டிவந்து, கட்டுப்பாட்டு அறையில் புது இயக்குநனிடம் ஒப்படைத்தார். மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் வண்ணப் பென்சில்களையும் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது கன்னத்தையும் தட்டினார்.

எந்தத் தூணருகே காற்று குறைவு, எங்கே நிறுத்தினால் பெட்டி ஆடாமல் நிற்கும் என்பது தேவசேனாபதிக்குத் தூக்கத்திலும் தெரியும். பெட்டி அந்த இடத்துக்கு வந்ததும், புது இயக்குநன் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்தான், சிவப்புப் பொத்தானை அமுக்கினான், சாவியை உருவினான். ஒலிபெருக்கியில் மொச்சையின் பாட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. அடியில் பாதாளம், மேலே கம்பி, நடுவில் அமைச்சரும் ஆணையரும். இருட்டும்வரை தொங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அமைச்சரின் வேட்டியைத் தவிர.

காவல் ஆய்வாளர் வந்து அவன் முன்னால் குனிந்து கேட்டார். "ஏன் கண்ணு அமுக்குனே?"

"செவப்பா அழகா இருந்துச்சுங்க."

"சாவி எங்க?"

"மறந்துபோச்சுங்க."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். "குழந்தைமேல கேஸ் போட முடியாதுங்க. காப்பாளர் யாரு?"

அன்றிரவு தேவசேனாபதி வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

வழக்கு வேகமாக நடந்தது. அமைச்சரைத் தொங்கவிட்ட குற்றத்துக்குப் பத்து ஆண்டு சிறை நிச்சயம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தப்பிக்க ஒரே ஒரு வழி. தீர்ப்புக்கு முன் கிருபாகரனின் மன அகவை பதினான்குக்குக் கீழே இறங்க வேண்டும். மனச்சிறார்மேல் வழக்கு நிற்காது. ஆனால் அவருடைய எண் அறுபத்தொன்று. இந்த வழி வெளியே தெரிந்ததும் ஒப்பந்தக்காரர்களும் கடன்காரர்களும் கூட்டம் கூட்டமாகக் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கினார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பட்டை ஒருவரையும் இறக்கவில்லை.

ஒரு காலையில் கிருபாகரன் மாடியேறி வந்தார். கதவருகிலேயே நின்றார்.

"மாப்ள, எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்னத்தைங் மச்சான்?"

"அந்தத் தவளையப் பாத்து எப்படிச் சிரிக்கறதுன்னு."

தேவசேனாபதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. அவரைத் தரையில் உட்காரச் சொன்னான். தான் நாற்காலியில் உட்கார்ந்தான். தினமும் மொச்சையை ஓடவிட்டான். கிருபாகரன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, தணிக்கை அதிகாரி போலப் பார்த்தார்.

"சிரிங்க மச்சான். ஜெயில்ல இதெல்லாம் போடமாட்டாங்க."

கிருபாகரன் பல்லைக் காட்டினார். வியர்த்தது. மறுபடியும் காட்டினார். அந்த முகம் படுகிற பாட்டைப் பார்ப்பதில் தேவசேனாபதிக்கு இருந்த சுகம் கொஞ்சநஞ்சமல்ல. வரவர அவன் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். மொச்சை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் மச்சானின் நடுங்கும் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மனுசனுக்கு ஒருநாளும் வராது, சிறைக்குத்தான் போவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மழை பெய்த ஒரு நாள், மொச்சை குளக்கரையில் நின்று தன் அம்மாவிடம் சொன்னது: "குளத்துக்குக் காய்ச்சலம்மா. நான் இறங்கினா எனக்கும் ஒட்டிக்கும்." சொல்லிவிட்டு ஒரு கம்பளியை இழுத்துவந்து குளத்துக்குப் போர்த்தப் பார்த்தது.

கிருபாகரனின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தன் சத்தத்துக்குத் தானே பயந்து வாயைப் பொத்தினார். பொத்திய கையை மீறிக்கொண்டு சிரிப்பு வந்தது. தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, தரையில் சாய்ந்து சிரித்தார். "குளத்துக்குப் போத்தி உடுதுங் மாப்ள! அய்யோ, குளத்துக்கு..." என்று திணறினார்.

தேவசேனாபதி சிரிக்கவில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது.

நீதிமன்றத்தில் இருவருக்கும் ஒரே நாளில் பட்டை கட்டினார்கள். குற்றம் செய்தவனையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரையும் சேர்த்தே அளப்பது வழக்கம். கிருபாகரனின் எண் முதலில் வந்தது. பதினொன்று. வக்கீல் துள்ளிக் குதித்தார்.

பிறகு தேவசேனாபதியின் கண்முன் நீலத் தவளை வந்தது. வழக்கமான குளம், வழக்கமான சாக்கு. எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஏன் வர வேண்டும் என்பதும் தெரிந்தது. ஒன்றும் வரவில்லை. அடுத்து ஒரு உயர் அதிகாரி பதவி இழந்து, கூனிக் குறுகிக் காரில் ஏறிப் போகும் செய்திப்படம் ஓடியது. நெஞ்சு குளுகுளுவென்றது.

அறுபத்துமூன்று.

நீதிபதி அவனைப் பார்த்துப் புன்னகைத்தார். "வாழ்த்துகள். வளந்துட்டீங்க."

செய்தபோது மனச்சிறார் என்பதால் பழைய குற்றம் அவனைச் சேரவில்லை; வேலை திரும்பக் கிடைத்தது. ஓட்டுரிமை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்காக இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானோ, அந்த நறுமுகையும் திரும்பக் கிடைத்தாள். பெட்டியோடு வந்து இறங்கியவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்பாவைப் பற்றி மாமா அன்று சொன்னதை ஒரு கணமும் நம்பவில்லை என்று காதோடு சொன்னாள். அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான்.

கூடவே நெருங்கிய உறவினர் என்ற முறையில் கிருபாகரனும் அவன் பொறுப்பில் வந்து சேர்ந்தார். சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. மனச்சிறாரின் மன அகவை மறுபடி பதினான்கைத் தாண்டினால் பழைய வழக்கு உயிர்பெறும். மச்சானின் சிரிப்பு வற்றிப்போனால் பத்தாண்டுச் சிறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அறிவு தேவசேனாபதிக்கு இருந்தது. அந்தச் சிரிப்பு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் கிருபாகரன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மொச்சை பார்த்துக்கொண்டிருந்தார். நறுமுகை மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தேவசேனாபதி நேரே போய்த் தொலைக்காட்சியை அணைத்தான்.

கிருபாகரன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "மாப்ள, சித்த நேரமுங்க. நீங்க குளிச்சிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிருமுங்க."

"அறுபது வயசாகப் போகுது. வெக்கமா இல்ல? இனி இந்த வீட்ல இது கெடையாது."

கிருபாகரனின் கீழுதடு துடித்தது. சிறையை நினைத்தா, தவளையை நினைத்தா என்று தேவசேனாபதி யோசிக்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்பா, உட்ருங்கப்பா. பாவம்," என்றாள் நறுமுகை.

"உனக்கொண்ணுந் தெரியாது. நீ எழுது."

அவள் அப்பாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய், தரையில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.