பன்னிரண்டாவது ஓட்டு

சிவப்புச் சட்டைப் பையன் பாட்டை மறப்பதற்கு முன்பே ரோஸ்லினின் செய்தி வந்துவிட்டது. "ஐயோ, சரணத்துல வரியை விட்டுட்டானே!" ஜெசிந்தா நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். அவன் இன்னும் மைக்கைத்தான் சரிசெய்துகொண்டிருந்தான்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணிப் பாட்டுப் போட்டியைத் திண்டுக்கல்லில் அவள் தங்கை ரோஸ்லினும் மற்ற சொந்தங்களும் அவரவர் வீட்டில் பார்ப்பார்கள். ஜெசிந்தா மலைமேல், வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில், நர்ஸ் குடியிருப்பில் பார்ப்பாள். பன்னிரண்டு பேரும் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றாகக் கூடித் திட்டுவார்கள், யார் வெளியேறுவார் என்று ஓட்டுப் போடுவார்கள். திண்டுக்கல் கேபிளில் ஓடுவது மலையில் டிஷ்ஷுக்கு நாலைந்து நொடி பிந்தித்தான் வரும். அதனால் அவளுக்காகவே குழுவில் ஒரு விதி இருந்தது. எதைப் பார்த்தாலும் பத்து எண்ணிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

"இவன் பாடறானுங்களா நர்சம்மா, பல்லுவலியில கத்தறானுங்களா?" என்றாள் கண்ணாயி. பக்கத்துக் காட்டில் மரவள்ளி போட்டிருப்பவள், சனிக்கிழமை தவறாமல் டிவி பார்க்க வந்துவிடுவாள்.

"பாவம், சின்னப் பையன்."

"எங்கூட்டு ஆடு இதைவிட ராகமாக் கத்துமுங்க."

சரணத்தில் அவன் வரியை விட்டான். கண்ணாயி தொடையைத் தட்டிச் சிரித்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளம்பரம் வந்ததும் கண்ணாயி எழுந்தாள். "பனி எறங்குதுங்க. சாரு வந்துட்டாருங்களா?"

"அஞ்சரைக்கு அடிவாரத்துல, காளப்பநாயக்கன்பட்டியில டீ குடிக்கிறேன்னு போன் பண்ணாரு. இப்ப வந்துடுவாரு."

"வளைவுல பைய வரோணுமுங்க. நான் வாரேனுங்க."

இமானுவேலுக்குத் திண்டுக்கல்லில் வேலை. சனிக்கிழமை அரைநாள் முடித்து, பைக்கில் எழுபது வளைவும் ஏறி மனைவியைப் பார்க்க வந்துவிடுவான். கடைசி ஏற்றத்தில் பைக் இரைவது அவளுக்கு டிவி சத்தத்தை மீறிக் கேட்கும். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு அந்த இரைச்சலுக்குக் காது கொடுத்து உட்கார்ந்தாள். பனி ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, நனைந்த மிளகுக் கொடியின் வாசனையோடு அறைக்குள் பரவியது. கூரை ஓட்டிலிருந்து சொட்டு விழும் சத்தம், தூரத்தில் ஒரு நாய், அதற்கப்பால் காடு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது போன்ற அமைதி.

போன் அதிர்ந்தது. நடுவர் அம்மா அழுகிறாளாம். கூடவே எட்டுப் பேர் போட்ட சிரிக்கும் பொம்மைகள். டிவியில் நடுவர் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நாலு நிமிடம் கழித்து அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"ரோஸி, பத்து எண்ணச் சொன்னா உனக்கு எண்ணத் தெரியாதா?"

"என்னக்கா உளர்ற? இங்க ஆறு மணிக்கே கரண்ட் போச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல மாவு பெசைஞ்சுக்கிட்டு இருக்கேன். போனையே தொடல."

"உன் பேர்லதான் வந்திருக்கு."

"பேயா அனுப்பும்? வேலையைப் பாரு. மச்சான் வந்ததும் பேசச் சொல்லு."

அவள் இமானுவேலுக்குப் போன் போட்டாள். அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டான். அப்படித்தான் இருக்கும்.

குழுவில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. இப்போது பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

"வந்துட்டாரு."

"வண்டியைக் காணோமே?"

"நடந்தே வந்திருக்காரு, பாவம்."

"இவ மூஞ்சியைப் பாருங்களேன்."

கடைசிச் செய்தியைப் படித்ததும் அவள் கை தானாக முகத்தைத் தொட்டது. பிறகு ஓட்டு வந்தது. வாராவாரம் போடும் அதே ஓட்டு. கேள்வி மட்டும் வேறு.

ஜெசிந்தா கதவைத் திறப்பாளா?

திறப்பா. மாட்டா.

"மாட்டா" என்பதற்கு ஒன்று விழுந்தது. ஐந்து. ஒன்பது. பதினொன்று. யார் யார் என்று திறந்து பார்த்தாள். ரோஸ்லின், சித்தப்பா, மாமா பிள்ளைகள். கடைசியாக இமானுவேல். குழுவில் மீதமிருப்பது அவள் மட்டும்.

டிவியை அணைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

ஏற்றத்தில் எந்த வண்டியும் இரையவில்லை.

"ஜெசி. திற."

அவன் குரல்தான். தொண்டை கட்டியிருந்தது.

"வண்டி எங்கங்க?"

"கீழ கெடக்கு. திறடி, குளிருது."

அவள் கதவருகே போனாள். திறக்கவில்லை. மறுபடி அவன் எண்ணை அழுத்தினாள். கதவுக்கு வெளியே அவன் போன் மணி அடித்தது. அவள் வாய்விட்டு அழுதேவிட்டாள். அவன்தான். முட்டாள் போனை நம்பிப் புருஷனைப் பனியில் நிற்கவைத்துவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அப்போது அழைப்பை யாரோ எடுத்தார்கள்.

"ஏனுங்க, நீங்க இந்தப் போன்காரருக்கு என்ன வேணுமுங்க?"

"நீங்க யாரு?"

"லாரிக்காரனுங்க. முப்பத்தஞ்சாவது வளைவுல இருக்கறேன். பைக்கு பள்ளத்துல கெடக்குதுங்க. ஆளு பக்கத்துலதான்... எப்ப விழுந்தாரோ, ஒடம்பு சில்லுன்னு ஆயிப்போச்சுங்க. அம்மா? கேக்குதுங்களா?"

கதவுக்கு வெளியே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"ஜெசி. ரொம்பக் குளிருது."

கெஞ்சல் இல்லை. மிரட்டல் இல்லை. வீட்டுக்கு வந்தவனின் குரல். நாலு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தவனின் குரல். இனி எந்தச் சனிக்கிழமையும் வராத குரல்.

"ரொம்ப வலிச்சுதாங்க?" என்று கேட்டாள்.

வெளியே, நெற்றியைக் கதவில் சாய்ப்பது போல மெல்ல ஒரு சத்தம்.

போன் அதிர்ந்தது. பார்த்தாள். "திறப்பா" என்பதற்கு ஓர் ஓட்டு. பக்கத்தில் அவளுடைய படம். அவள் திரையைத் தொடவில்லை.

அவள் கை தாழ்ப்பாளை இழுத்தது.

பனிதான் முதலில் உள்ளே வந்தது. பிறகு அவன். அதே ஜெர்கின். தலையில் ஹெல்மெட், கண்ணாடி இறக்கிவிட்டபடி. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கப் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. உள்பக்கம் ஒரு துளி ஆவி இல்லை. மூச்சே படாத சுத்தம். அந்தச் சுத்தமான கண்ணாடிக்குப் பின்னால் மூடாத இரண்டு கண்கள், அவளைப் பார்க்காமல், அவள் கையில் ஒளிர்ந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தன.