இடது கண் மட்டும்

சவப்பெட்டிக்குள் அம்புரோஸ் கிடந்தான்.

செந்தூல் ஃபிளாட்டின் ஐந்தாம் மாடிப் படிக்கட்டிலிருந்து தலைகீழாக விழுந்து செத்தவன்.

விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் தங்கை பிரெண்டாவுக்குப் போன் செய்திருந்தான்.

"உன் புருஷனப் பத்தி ஒன்னு சொல்லணும்மா. போன்ல வேணாம். நேர்ல வரேன்."

வரவில்லை...

அந்தப் புருஷன் கேவின், பெட்டியின் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மேடம்?" இன்ஸ்பெக்டர் தம்புசாமி பிரெண்டாவின் காதருகே குனிந்தார். "இருபத்தாறு வருஷமா மூஞ்சியப் படிக்கிறவன் நான். தள்ளிவிட்டவன் கண்ணுல இப்படித் தண்ணி வராது லா."

"அண்ணன் விழுந்தப்போ அவரு எங்க இருந்தாராம்?"

"கிள்ளான் டவுன்ல. இங்கேருந்து ஒரு மணி நேரம்."

"யாரு சொன்னா?"

"அவரேதான்."

பிரெண்டா கணவனைப் பார்த்தாள். அந்த அழுகை உண்மையாக இருந்தால் போதும். அண்ணன் போனாலும் புருஷனாவது மிஞ்சுவான்.

கண்ணீர் வழிந்தது... இடது கண்ணில் மட்டும்.

வலது கண் காய்ந்து கிடந்தது.



இரண்டு வருடம் முன்பு கேவினின் இடது காதுக்கடியில், எச்சில் சுரப்பிக்குள் ஒரு கட்டி. முக நரம்பின் உறையில் முளைத்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் காதுக்குள் எலும்பின் ஆழம் வரை ஏறியிருந்ததால், நரம்பையும் வெட்டி ஒட்டுப்போட்டார்கள். திரும்ப வளர்ந்த நரம்பு வழி தவறி, எச்சில் சுரப்பிக்குப் பதில் கண்ணீர்ச் சுரப்பியில் போய் நின்றது. வாயில் எதைப் போட்டாலும் இடது கண் கொட்டும். வெட்கப்பட்டு வெளியில் சாப்பிடுவதையே விட்டுவிட்டான்.

ஒரு வருடமாக, மூன்று வேளையும் அந்தக் கன்னத்தைத் துடைத்தது பிரெண்டாவின் கை.

அருகே போனாள். வழக்கம்போல டிஷ்யூவை நீட்டினாள்.

"வாயில என்ன கேவின்?"

"ஒன்னுமில்ல."

"துப்புங்க."

பாதி சப்பிய அசாம்போய் வந்து விழுந்தது. கடையில் பாக்கெட்டில் விற்கும் உப்புப் புளிப்புப் பழம்.

"எங்கண்ணனுக்கு அழ உங்களுக்கு இது வேணுமா?"

அவன் உடைந்தான். "நான் தள்ளல பிரெண்டா... கிள்ளான்ல நான் வெச்சிருக்கிறவளப் பத்தி உங்கிட்ட சொல்லுவேன்னான். கையப் புடிச்சேன். அவன்தான் உதறிட்டுப் பின்னால போனான்..."

தம்புசாமி தொண்டையைச் செருமினார்.

"நீங்க கிள்ளான்லதான இருந்தீங்க, பாஸ்?"



விலங்கு மாட்டியபோது அவன் வலது கண்ணிலும் நீர் கோத்தது. முதல்முறையாக.

தம்புசாமியின் இருபத்தாறு வருட சர்வீஸ் குழம்பிப்போனது. "மேடம்... இது நெசமா, பொய்யா?"

பிரெண்டா டிஷ்யூவை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"நெசந்தான் இன்ஸ்பெக்டர். இப்ப அவருக்காக அவரே அழுறாரு. அதுக்கு அசாம்போய் தேவையில்ல."