மூங்கில் பள்ளத்தில் முன்னால் போனவர்

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனிக் கடைசியில் நசருல்லா ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்தான். போளூரில் அவனை ஏற்றிக்கொண்ட லாரி, வழியில் நின்று நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெயில் சாயும் நேரத்தில் காட்டிலாகாவின் பழைய பங்களா வாசலில் மூச்சு வாங்கி நின்றது. ஓட்டுக்கூரை. சுவர் நெடுகப் போன மழைக்காலத்துக் கறை. முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய பம்பு, சுருட்டி வைத்த ஹோஸ் குழாய்கள், வெயிலில் காய்கிற நாலைந்து காக்கிச் சட்டைகள்.

கோடை முடியும்வரை காட்டுத்தீயைக் கவனிக்க மலைமேல் தங்கும் சின்னத் தீயணைப்புக் குழு அது. அதை நடத்த வந்த புதிய லீடிங் ஃபயர்மேன் நசருல்லா. வாணியம்பாடித் தோல் கிடங்குகளில் தீப்பிடித்தபோதெல்லாம் உள்ளே போய் ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுவந்தவன் என்று பேர் வாங்கியிருந்தான்.

குழுவில் மூன்று பேர். ஃபயர்மேன்கள் ரங்கன், அருணகிரி, லாரி ஓட்டுகிற கண்ணாயிரம். மூவரும் வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"வாங்க பாய்," என்றான் ரங்கன்.

சார் என்று சொல்லவில்லை. அதை நசருல்லா கவனித்தான். பக்கத்துக் குடிசைகளிலிருந்து வந்து களி கிண்டிக் கொடுக்கும் பாஞ்சாலையும் அன்றிலிருந்து அவனைப் பாய் என்றே கூப்பிட்டாள். அவனுக்கு வேறு பேர் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவர்கள் பேச்சில் 'அய்யா' என்று ஒருவர் வந்துகொண்டே இருந்தார். அய்யா இப்படித்தான் குழாய் சுருட்டுவார். அய்யா இந்த இடத்தில்தான் உட்காருவார். போன கோடையில் இதே குழுவை நடத்திய கோபால்சாமி அவர். மூங்கில் பள்ளத்துத் தீயில் போனவர்.

லாரியைத் துடைத்துக்கொண்டே கண்ணாயிரம்தான் அந்தக் கதையைச் சொன்னான்.

"பொகையில கண்ணு தெரியாது இல்ல பாய்? முன்னால போறவரு தோள்ல எடது கைய வெச்சிக்கினு, வரிசையா போவணும். அய்யா சொல்லிக் குடுத்தது அதான். கைய விட்டா செத்தன்னு சொல்லுவாரு. அன்னிக்கு அய்யா முன்னால. ரங்கன் அவரு பின்னால. உள்ள போவப் போவ சூடு தாங்கல. ரங்கன் கைய விட்டுட்டான்."

"அப்புறம்?"

"நாங்க திரும்பி வந்துட்டோம். அய்யா திரும்பல. அவரு திரும்பினதே கெடையாது பாய். முன்னால, முன்னாலதான்."

கண்ணாயிரம் துணியைப் பிழிந்தான். "கஞ்சிக்கு வழியில்லாம வந்தவன் ரங்கன். அவன ஆளாக்கினவரு அவருதான். அதான் அவன் ஒரு மாதிரி கீறான். கண்டுக்காதீங்க."

மறுநாள் காலையிலிருந்து நசருல்லா டிரில் வைத்தான். உள்ளே போவதைச் சொல்லித்தரவில்லை; வெளியே வருவதைச் சொல்லித்தந்தான்.

"போறதுக்கு முன்னால வர்ற வழியப் பாரு. நீளமா ஒரு விசில் கேட்டா வரிசை அப்படியே திரும்பணும். கடைசி ஆளு முன்னால. மொத ஆளு கடைசி. யோசிக்கக் கூடாது."

"அய்யா எங்களுக்குத் திரும்பறதுக்குச் சொல்லிக் குடுக்கல பாய்," என்றான் ரங்கன். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. அதுதான் உறுத்தியது.

ஈரத்துணியால் கண்ணைக் கட்டிவிட்டு மூவரையும் முற்றத்தில் நடக்கவிட்டான். விசில் ஊதினான். கண்ணாயிரம் திரும்பினான், அருணகிரி திரும்பினான். ரங்கன் மட்டும் நின்ற இடத்தில் நின்றான். அப்போதுதான் நசருல்லா அதைப் பார்த்தான். வரிசையின் முதல் ஆள் ரங்கன். அவன் இடது கை முன்னால் நீண்டிருந்தது. தோள் உயரத்தில். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி வளைந்திருந்தன.

"முன்னால யாருமில்லியே. இன்னாத்த புடிச்சிட்டு நிக்கிற?"

ரங்கன் கண்கட்டை அவிழ்த்துத் தன் கையைப் பார்த்தான். மெதுவாகக் கீழே இறக்கினான்.

"பழக்கம் பாய்."

அந்த விரல்கள் பிடித்திருந்த இடத்தில் நசருல்லா போய் நின்றான். சந்தனக்கட்டை கருகுகிற வாசனை. அதோடு வேர்வையில் ஊறிய காக்கித் துணியின் நெடி. சுற்றிலும் பார்த்தான். மலையில் எங்கேயும் புகை இல்லை.

சித்திரை பிறந்தது. புல் காய்ந்து சருகானது. ஒருநாள் உச்சிவெயிலில் பாஞ்சாலை ஓடிவந்தாள்.

"மூங்கில் பள்ளத்துல பொக எழும்புதுங்க பாய்."

லாரி போய்ச் சேருவதற்குள் பள்ளத்தின் அடியில் தீ நன்றாகப் பிடித்துவிட்டது. மூங்கில் கணுக்கள் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி வெடித்தன. தீ பள்ளத்தைத் தாண்டி மேலே ஏறினால் மலையோரத்துச் சாமை வயல்களும் குடிசைகளும் போய்விடும். உள்ளே மனித உயிர் எதுவும் இல்லை என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டான் நசருல்லா.

"யாரும் உள்ள இறங்க வேணாம். இந்த மேட்டோட புல்லு, புதர் எல்லாத்தையும் வெட்டி வெறுந்தரை ஆக்குவோம். தீ இங்க வந்து நிக்கட்டும். பம்ப ஓடவிட்டுத் தரைய நனைங்க."

மாலைவரை இழுக்கும் வேலை. மூவரும் சொன்னபடி வெட்டினார்கள். கோடு போட்டது போல வெறுந்தரை நீண்டுகொண்டு போனது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க நசருல்லா பக்கத்துப் பாறைமேல் ஏறினான். ஏறி நின்றதும் காற்று மாறியது. புகை மொத்தமாகப் புரண்டு மேலே வந்து பகலை மூடிவிட்டது.

அவன் தடவித் தடவிக் கீழே இறங்கி வந்தான்.

வெட்டுக்கத்திகள் தரையில் கிடந்தன.

பம்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் வாய் மண்ணில் கிடந்து, தண்ணீர் யாருமில்லாமல் கொட்டியது.

பள்ளத்துக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், புகை ஒரு கணம் விலகியது. கண்ணாயிரத்தின் முதுகு தெரிந்தது. அவன் கை அருணகிரி தோளில். அருணகிரி கை ரங்கன் தோளில்.

ரங்கன் கை இன்னொரு தோளில்.

புகை மறுபடியும் மூடிக்கொண்டது.

நசருல்லா விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினான். யாரும் திரும்பவில்லை. பள்ளத்துக்குள்ளிருந்து வேறொரு விசில் பதில் சொன்னது. குட்டை குட்டையாக, அவசரமாக, வா வா என்கிற மாதிரி.

அவன் துண்டை நனைத்து முகத்தில் கட்டினான். பிஸ்மில்லா என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். காலடியில் மண் சுட்டது. இறங்கும்போதே வலப்பக்கம் ஒரு பிளந்த பாறை, இடப்பக்கம் சாய்ந்த வேங்கை மரம் என்று மனதில் குறித்துக்கொண்டான். கையில் முதலில் அகப்பட்டது கண்ணாயிரத்தின் பெல்ட்.

"எங்கடா போறீங்க?"

"அய்யா கூப்பிட்டாரு," என்றான் கண்ணாயிரம். தூக்கத்தில் பேசுகிற குரல். "உள்ள ஆளு கீதாம்."

"யாருமில்ல. நில்லு. இங்கியே நில்லு."

அவன் நின்றான். நசருல்லா முன்னால் போனான். அருணகிரியை உலுக்கி நிறுத்தினான். ரங்கன் மட்டும் நிற்கவில்லை. இழுத்தால் மாடு கயிற்றை இழுப்பது போல முன்னால் இழுத்தான்.

"ரங்கா, கைய எடு."

"மாட்டேன் பாய்." அவன் அழுதுகொண்டிருந்தான். "இந்தத் தடவ விடமாட்டேன்."

நசருல்லா அவன் கையோடு தன் கையை ஓட்டிக்கொண்டு போய் விரல்களைப் பிடித்தான், பிரித்து எடுக்கத்தான். விரல்களுக்கு அடியில் துணி இருந்தது.

ஈரமான காக்கித் துணி. அதற்கு அடியில் எலும்பு. அதற்கும் அடியில் அடுப்புக்கல்லைத் தொட்டது போன்ற சூடு.

ஒரு முதுகு. முதுகு மட்டும்தான். அது திரும்பவில்லை.

ஓடிவிட வேண்டும் என்று அவன் உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் சொன்னது. தலைக்குமேல் எங்கேயோ மூங்கில் முறிகிற சத்தம். ரங்கனை விட்டுவிட்டு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனால் மூன்று உயிர் தப்பும். அப்படி ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகப் பின்னாளில் பல தடவை வெட்கப்பட்டான்.

டூட்டியில் இருப்பவன், மாற்று ஆள் வந்து பொறுப்பு வாங்கும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. அவர்கள் வேலையில் அது முதல் பாடம். இந்த மனிதரிடமிருந்து யாரும் பொறுப்பு வாங்கவில்லை.

நசருல்லா கால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றான். புகையைப் பார்த்துச் சல்யூட் வைத்தான்.

"அய்யா," என்றான். தொண்டை எரிந்தது. "லீடிங் ஃபயர்மேன் நசருல்லா. இந்தக் குழு இனிமே என் பொறுப்பு. சார்ஜ் எடுத்துக்கிட்டேன். நீங்க டூட்டி எறங்கலாம்."

குட்டை விசில் நின்றது.

மூங்கில் வெடிப்பதுகூட நின்ற மாதிரி இருந்தது.

"நசருல்லா," என்றது ஒரு குரல். பக்கத்தில், காதோடு. பேரை மனப்பாடம் செய்துகொள்வது போல.

ரங்கனின் கை சட்டென்று கீழே விழுந்தது.

நசருல்லா விசிலை நீளமாக ஊதினான். "திரும்பு. கண்ணாயிரம் முன்னால. வேங்கை மரம் இப்ப வலப்பக்கம் வரும். தடவிக்கினு போ."

இந்தத் தடவை மூவரும் திரும்பினார்கள். ரங்கனுக்குப் பின்னால், கடைசி ஆளாக நசருல்லா ஏறினான். அவர்கள் நின்ற இடத்தில் எரிகிற மூங்கில் புதர் ஒன்று மொத்தமாகச் சாய்ந்து விழுந்தது. அந்தச் சூடு அவன் முதுகைத் தள்ளியது.

மேட்டுக்கு வந்ததும் ரங்கன் மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வெட்டுக்கத்தியைத் தேடி எடுத்தான்.

"எங்க வெட்டணும் சொல்லுங்க சார்," என்றான்.

மிச்சமிருந்த புல்லையும் புதரையும் நால்வருமாக வெட்டி முடித்தார்கள். தீ மேட்டுக்கு வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் சுருங்கியது. வெயில் மஞ்சளாகும்போது அது அடங்கிவிட்டது. ஊர்க்காரர்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு நால்வரும் பங்களாவுக்குத் திரும்பினார்கள். லாரியில் யாரும் பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை. அருணகிரி மட்டும் ஒரு தடவை காரணமில்லாமல் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நசருல்லாவுக்கு அந்த மலைக்கு வந்த பிறகு முதல்முறையாக நெஞ்சு லேசானது.

பங்களாவின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் பாஞ்சாலை நின்றிருந்தாள். முந்தானையை மடித்து ஒரு செம்பை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு பெரியவரு உங்களுக்கு முன்னாலியே வந்துட்டாருங்க," என்றாள். "மூஞ்சியெல்லாம் கரி. யாருன்னு தெரியல. தண்ணி கேட்டாரு. சுனையில மொண்டாந்து குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்தாரு."

அவள் செம்பை நீட்டினாள். உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றான் கண்ணாயிரம்.

"புது ஆளு கெட்டிக்காரன்தான், ஆனா இன்னும் சொல்லிக் குடுக்க வேண்டியது நெறைய கீதுன்னாரு. உள்ளதான் ஒக்காந்திருக்காரு. மத்தவங்க வெளியில இருக்கட்டும், நசருல்லாவ மட்டும் அனுப்புன்னாரு."

பாஞ்சாலை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"உங்கள்ல யாருங்க அது?"

மூவரும் நசருல்லாவைப் பார்த்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால், எதிரில் இன்னொருவர் உட்காருவதற்காக, நாற்காலி ஒன்று தரையில் மெதுவாக இழுபட்டது.