மூட்டைக்குள் டஸ்டி

தெஸ்பாவின் கம்பளம் தறியில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மேலே நான்கு விரல் அகலம்தான் பாக்கி. அதற்குக் கறுப்புக் கம்பளி எடுக்கலாம் என்று மூட்டையைத் திறந்தால், உள்ளே டஸ்டி படுத்திருந்தது!

டஸ்டி அவர்கள் வீட்டு நாய். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கண்கூடத் திறக்காத ஐந்து குட்டிகள்.

"ஐயோ! அண்ணா, இங்க வாயேன்!"

ஓடிவந்த ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்தான். "உன் கம்பளிய முதல்ல இவங்க வாங்கிட்டாங்க!"

"சிரிக்காத. நாளைக்குக் கண்காட்சி!"

அது தெஸ்பா தனியாக நெய்த முதல் கம்பளம். கீழ் ஓரம் கறுப்பு. மேல் ஓரமும் கறுப்பாகத்தான் முடிய வேண்டும். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கறுப்பு ஆடு காப்பிதான். அதற்கு வசந்த காலத்தில் கத்தரித்த முடி இன்னும் சரியாக வளரவில்லை.

"குட்டிங்கள பழைய சாக்குல போட்டுட்டுக் கம்பளிய உருவு" என்றான் ஆர்லோ.

தெஸ்பா மெல்ல இழுத்தாள். ஒரு குட்டி நடுங்கி முனகியது. டஸ்டி உறுமவில்லை. அவளையே பார்த்தது. தெஸ்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, சரி, நீங்களே வெச்சுக்கோங்க" என்று கம்பளியைத் திரும்ப அணைத்து வைத்தாள். மூட்டையின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பளி மட்டும் மிஞ்சியது.

"இது எந்த மூலைக்குப் பத்தும்?" என்றார் அங்கே வந்த அம்மா. "முடியாத கம்பளத்தோடவா கண்காட்சிக்குப் போவ?"

தெஸ்பா யோசித்தாள். வெள்ளைக் கம்பளி நிறைய இருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து, கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே இழுத்து இழுத்துச் சீவினாள். மழை மேகம் போலச் சாம்பல் நிறம் வந்தது.

"கீழ கறுப்பு, மேல சாம்பலா? ஏன்னு கேப்பாங்களே!" என்றான் ஆர்லோ.

"கேட்டா சொல்லிக்கிறேன். நீ அந்த நூல் நூக்கிற கதிர எடு!"

நூல் நூற்று, இருட்டுவதற்குள் நெய்து முடித்தாள்.

மறுநாள் கண்காட்சியில், நீலக்கல் மாலை போட்ட பெண் நடுவர் ஒருவர் கம்பளத்தின் முன் நின்றார்.

"மேல மட்டும் ஏன் சாம்பல்?"

"கறுப்புக் கம்பளி மேல எங்க நாய் டஸ்டி குட்டி போட்டுடுச்சு. எடுத்தா குட்டிங்களுக்குக் குளிரும்ல?"

நடுவர் குனிந்து, சாம்பல் பட்டையைத் தடவிப் பார்த்தார். இரண்டாம் பரிசு நாடாவைக் கம்பளத்தில் குத்தினார். தெஸ்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு குட்டி தருவியா?" என்றார்.

"கண்ணு திறக்கட்டும், தர்றேன். ஆனா கம்பளி மட்டும் நீங்கதான் கொண்டு வரணும்!"